பதினாலாம் நம்பருக்கு நான் போட்ட ரெண்டு

சண்முகத்தாய் இறந்துட்டாங்க. காலையில அவங்க மக செல்வி போன் பண்ணினா... நேத்து சாயங்காலமே எடுத்தாச்சாம்.

உங்க யாருக்கும் அவங்களைத் தெரியாது. என்கிட்ட படிச்ச பிசியோ பிள்ளைகளுக்குத் தெரியும், ஆனா பேரு தெரியாது. என் ரிசர்ச் பேப்பர் டேபிள்ல பதினாலாவது வரி. அம்புட்டுதான்.

செல்விகிட்ட கேட்டுட்டுத்தான் இப்ப பேரைப் போடுறேன்.

தொண்ணூறுகளோட கடைசி. யுனிவர்சிட்டி பிசியோதெரபி டிபார்ட்மென்ட்டுக்கு நான் ஹெச்.ஓ.டி. ஆகி ஒரு வருஷம்கூட ஆகல. ஹெச்.ஓ.டி.ன்னா பெருசா நெனைச்சுக்காதீங்க... மூணு கட்டில், பாதி நாள் ஓடாத ஒரு அல்ட்ராசவுண்ட் மெஷின், என்னோட சேத்து நாலு ஸ்டாஃப்.

பேப்பர் போட்டாத்தான் ப்ரொஃபசர். கழுத்து வலி, தோள் வலின்னு டாபிக் எடுத்துக்கிட்டு, பாசஞ்சர் ட்ரெயின் ஏறி கோவில்பட்டி போனேன்.

அங்க ஒரு தீப்பெட்டி ஆபீஸ். தீப்பெட்டி கம்பெனியை எங்க பக்கம் ஆபீஸ்னுதான் சொல்லுவோம். தரையில சம்மணம் போட்டு, குனிஞ்ச தலை நிமிராம, குச்சிய ஒண்ணொண்ணா சட்டத்துல அடுக்கணும். காலையில உக்காந்தா சாயங்காலம்தான் எந்திரிப்பாங்க.

என் கேள்வி ரொம்ப சிம்பிள். வலியே இல்லைன்னா பூஜ்யம், தாங்கவே முடியலைன்னா பத்து. உங்க வலிக்கு எத்தனை?

சண்முகத்தாய் "ரெண்டு"ன்னாங்க.

ஆபீஸ் கணக்குப்பிள்ளை பக்கத்துலயே நின்னாரு. எனக்கு டீயும் கடலை மிட்டாயும் வாங்கி வச்சிருந்தாரு. நல்ல மனுஷன் போலன்னு நெனச்சேன்.

அடுத்து கையைத் தூக்கச் சொன்னேன். வலது கை தோளுக்கு மேல ஏறல. உதட்டைக் கடிச்சுக்கிட்டாங்க, கண்ணு கலங்கிருச்சு.

தலை எப்படிப் பின்னுவீங்கன்னு கேட்டேன். "மகதான் பின்னி விடுதா டாக்டரம்மா"ன்னாங்க.

பாத்தேன். பாத்துட்டு, ரெண்டுன்னு எழுதினேன்.

நானும் அந்தப் பக்கத்துப் புதூர்க்காரிதான். எங்கப்பா ஆட்டுக்குப் பின்னால நடந்தே முட்டி தேஞ்ச ஆளு... எப்படி இருக்குப்பான்னு கேட்டா, "கெடக்கு, அதுக்கென்ன"ம்பாரு. எங்க சனம் வலியை எப்படிச் சொல்லும்னு எனக்குத் தெரியாதா என்ன.

அன்னைக்கு எல்லாரும் ரெண்டு, மூணு, ஒண்ணுதான். கை மட்டும் பாதிப் பேருக்கு ஏறல. இது இடிக்குதேன்னு ட்ரெயின்ல யோசிச்சுக்கிட்டே வந்தேன். பேப்பர்ல அதுக்கு ஒரு வரி எழுதினேன்... இந்தப் பெண்களுக்கு வலி தாங்கும் சக்தி அதிகம்னு.

அந்த வரிக்கு கான்பரன்ஸ்ல கை தட்டினாங்க. பொன்னாடை போட்டாங்க. அடுத்த வருஷமே ப்ரொஃபசர் ஆயிட்டேன்.

ஒரு காப்பி எடுத்து அந்த ஆபீஸ் முதலாளிக்கும் தபால்ல அனுப்பினேன். ஒரு மரியாதைக்கு.

அதோட பலன் எனக்குத் தெரிய வந்தது சில வருஷம் கழிச்சு. சண்முகத்தாய் ரெண்டு பஸ் மாறி என் ஓ.பி.க்கே வந்து நின்னாங்க. கை வேகம் பத்தலைன்னு வேலையை விட்டு நிப்பாட்டிட்டாங்களாம்.

அதுக்கு முன்னாடி பொம்பளைங்க எல்லாம் சேந்து, சாய்ஞ்சு உக்கார பலகை கேட்டிருக்காங்க. "யுனிவர்சிட்டி அம்மாவே வலி கம்மின்னு எழுதியிருக்காவ, ஒங்களுக்கு என்ன வந்துச்சு"ன்னு முதலாளி என் பேப்பரைத் தூக்கிக் காட்டியிருக்காரு.

அன்னைக்கு ஏன் ரெண்டுன்னு சொன்னீங்கன்னு கேட்டேன். கோவமாத்தான் கேட்டேன், வெக்கங்கெட்டவ.

"கணக்குப்பிள்ளை அங்கன நின்னாவல்லா. எட்டுன்னு சொன்னா மறுநாளு என் எடத்துல வேற ஆளு உக்காந்திருக்கும். அதான் வாயால ரெண்டுன்னேன். கைய ஒங்க முன்னாலதான தூக்குனேன்... நீங்க பாத்திய. படிச்சவிய, பாத்து எழுதிக்கிடுவியன்னு நெனச்சேன்."

திட்டல. அழல. சொல்லிட்டு, "இந்த ஒத்தடம் சூடு சாஸ்தியா இருக்கு, கொஞ்சம் எடுங்க டாக்டரம்மா"ன்னாங்க.

ஜர்னலுக்கு எழுதி அந்த வரியை மாத்தச் சொல்லுதேன்னு சொன்னேன். "எழுதுங்க. இப்ப இருக்க பிள்ளையளுக்காவது பலகை கெடைக்கும்லா"ன்னாங்க.

எழுதல.

அப்ப டிபார்ட்மென்ட்ல இன்ஸ்பெக்‌ஷன். அப்புறம் மாஸ்டர்ஸ் கோர்ஸ் ஆரம்பிக்கிற வேலை. அப்புறம் டீன் போஸ்ட்... காரணத்துக்கா பஞ்சம். தப்புன்னு ஒத்துக்கிட்டா நாற்காலி ஆடும்னு பயம், அதுதான் நெசம்.

அவங்களும் நாலு சிட்டிங் வந்தாங்க, அப்புறம் வரல. நானும் தேடல. வராம இருந்தது எனக்கு நிம்மதியாக்கூட இருந்துச்சு.

அவங்க பழைய ஓ.பி. சீட்டுல நான் எழுதிக் கொடுத்த நம்பரைப் பாத்துத்தான் இன்னைக்கு செல்வி கூப்பிட்டிருக்கா. பேசும்போது, நீ என்னம்மா பண்றேன்னு கேட்டேன். அவளும் தீப்பெட்டி ஆபீஸ்தானாம், பெட்டி அடைக்கிற வேலை. இன்னமும் தரையிலதான் உக்காருதாங்களாம்.

உனக்குத் தோள் எப்படி இருக்குன்னு கேட்டேன்.

 "பரவால்ல டாக்டரம்மா"ன்னா.

கீழ கமென்ட்ல யாரும் ஆர்.ஐ.பி. போட வேண்டாம். என் பழைய ஸ்டூடன்ட்ஸ் எவனாவது "கிரேட் டீச்சர் மேம்"னு வந்து எழுதினா பிளாக் பண்ணிருவேன்.

எட்டு, சண்முகத்தாய். நான் பாத்தேன்.

போயிட்டு வாங்க.