ஏறிடுச்சு அக்கா

போன் ஒருமுறை அடித்து ஓய்வதற்குள் எடுத்துவிடுவாள். ஹலோ கிடையாது, வணக்கம் கிடையாது. "ஏறிடுச்சு. சொல்லுங்க." பார்சல் ஆபீஸுக்குப் போன் செய்கிறவர்கள் என்ன கேட்பார்கள் என்று புக்கிங் மேஜையில் இருப்பவளுக்குத் தெரியாதா? ஐந்து மாதத்தில் மூன்று முறை சரக்குக் கட்டணம் ஏறியிருக்கிறது. அவளுக்கு 'ஏறிடுச்சு அக்கா' என்றே பேர் விழுந்துவிட்டது.

ஏன் ஏறியது என்பதற்கு ஆளைப் பார்த்துத்தான் பதில். கத்துகிறவருக்கு டீசல். பெருமூச்சு விடுகிறவருக்கு டயர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பேசுகிறவர் என்றால், "கப்பலெல்லாம் சுத்திக்கிட்டு வருதாம் சார்" என்று கடலையே இழுத்து மேஜைமேல் போடுவாள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது.

கூலி என்ற பதிலை மட்டும் அவள் வாயிலிருந்து வாங்க முடியாது. பின்பக்கக் கிடங்கில் மூட்டை தூக்கும் ஆறு பேரில் ஒருவர் அவள் கணவர். தினமும் அவர் முதுகுக்குத் தைலம் தேய்க்கிறவள் அவள்.

சென்ற திங்கட்கிழமை முதலாளி ஓர் அறிவிப்பை அச்சடித்து வந்து கண்ணாடிக் கதவில் ஒட்டினார்: 'சுமைப் பணியாளர் கூலி உயர்வால் கட்டணம் உயர்த்தப்படுகிறது.' கூலி ஏறியது நூற்றுக்கு நாலு. கட்டணம் ஏறியது நூற்றுக்கு இருபது.

பத்து மணிக்கு வந்த தலையணை வியாபாரி அதைப் படித்துவிட்டு நேரே கிடங்குக்குள் போய், "உங்களாலதான்யா என் பொழப்பு நாறுது!" என்று கத்தினார். அவருடைய மூட்டையைத் தோளில் வைத்திருந்த கணவர் அதை மெல்ல இறக்கி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். மெத்தென்றுதான் இருந்திருக்கும். மற்ற ஐவரும் ஆளுக்கொரு மூட்டை பார்த்து உட்கார்ந்தார்கள். வாசலில் லாரி உறுமிக்கொண்டு நின்றது.

முதலாளி ஓடிவந்தார். "உன் வீட்டுக்காரரை எந்திரிக்கச் சொல்லும்மா!"

"நான் சொல்லி அவரு வீட்லயே எந்திரிச்சதில்ல சார்."

சொல்லிவிட்டு அறிவிப்பை உரித்தெடுத்தாள். வேலை போனாலும் போகும் என்று தெரிந்துதான் பேனாவை எடுத்தாள். கூலிக்குப் பக்கத்தில் 'நூற்றுக்கு நாலு' என்று எழுதினாள். கீழே டீசல், டயர், சுங்கம், இன்சூரன்ஸ், ஒவ்வொன்றும் எவ்வளவு ஏறியது என்று. கடைசி வரி: 'முதலாளியின் புதுக் கார்.'

முதலாளியின் காது சிவந்தது. வாசலில் லாரி டிரைவர் ஹாரனை அமுக்கிப் பிடித்தார். முதலாளி பேனாவைப் பிடுங்கிக் கடைசி வரியின்மேல் ஒரு கோடு கிழித்தார். "ஒட்டித் தொலை!"

அவள் காகிதத்தைக் கிடங்குப் பக்கம் திருப்பிக் காட்டினாள். கணவர் படித்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள்.

கோட்டுக்கு அடியில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. அறிவிப்பைக் கதவில் ஒட்டியவள், அந்த வரியை மட்டும் உள்ளங்கையால் இரண்டு முறை நன்றாக நீவிவிட்டாள்.