பம்மலிலிருந்து ஒரு பச்சைத் திரை

என் கணவருக்கு சிறுசேரியில் இரவு ஷிப்ட். காலையில் தாம்பரம் வந்து படுப்பார். எங்களுடையது மூன்றாவது மாடி, மேற்குப் பார்த்த படுக்கையறை. மதியம் ஒரு மணிக்கு மேல் அறை கொதிக்கும், எழுந்துவிடுவார். போன ஜூனில் ஒருநாள் வேலை முடிந்து வரும்போது பைக்கிலேயே கண் அசந்து, சாலைத் தடுப்பில் உரசிவிட்டார். சிராய்ப்புதான். ஆனால் அறைச் சூட்டைக் குறைக்க வழி என்னவென்று பார்த்தவர்களிடமெல்லாம் விசாரித்தேன்.

ஜன்னலுக்கு வெளியே கர்ட்டன் கிரீப்பர் வளர்த்தால் வெயில் தணியும் என்றார்கள். பார்த்தால் கொடி மாதிரி இருக்கும். உண்மையில் சாமந்திக் குடும்பத்துப் புதர்ச்செடி. வருடம் முழுக்கப் பச்சை, கிளைகள் திரைபோலச் சரியும். நர்சரியில் வாங்கிய இரண்டு செடிகளும் கருகிப்போயின. பம்மலில் ஒரு மாடி முழுக்க அது தொங்குவதை முன்பு பேருந்திலிருந்து பார்த்திருக்கிறேன். கேட்டுப் பார்ப்போமே என்று ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

காலை 9.10க்கு மின்சார ரயில். பல்லாவரத்துக்கு ஐந்து ரூபாய், பன்னிரண்டு நிமிடம். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் சுமார் மூன்று கிலோமீட்டர், இருபது ரூபாய். ஓட்டுநரிடம் அடையாளம் சொன்னேன்.

"தையல் கம்பெனி மேல தொங்கிக்கினு கீதே, அதுவா? சீக்கிரம் போங்கக்கா. இன்னிக்கு வெட்டப் போறாங்கோ."

ஓடினேன். வாசலில் இரண்டு பேர் அரிவாளோடு நின்றார்கள். கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிப்பதற்காகச் செடியை வெட்டச் சொல்லியிருக்கிறாராம் வீட்டுக்காரர். தையல் கூடம் நடத்தும் ஷகீலாவுக்கு என் வயதுதான் இருக்கும். முகம் வாடியிருந்தது. மாடியில் தகரக் கூரைக்கு அடியில் நான்கு பெண்களோடு தைக்கிறார். அந்தச் செடிதான் அவர்களுக்கு நிழல். வந்த காரணத்தைச் சொன்னேன்.

"தூங்காம வண்டி ஓட்டுறாரா? அல்லாவே! வாங்க, வேணுங்கறத எடுத்துக்குங்க."

வெட்ட வந்தவர்களில் ஒருவர், "நிதானமா எடுங்கக்கா, நாங்க டீ சாப்ட்டு வர்றோம்" என்று அரிவாளைக் கீழே வைத்தார்.

பென்சில் தடிமனில் பன்னிரண்டு குச்சிகள் வெட்டினோம். தொட்டி மண்ணில் படிந்து தானாக வேர்விட்டிருந்த மூன்று கிளைகளையும் ஷகீலா தோண்டிக் கொடுத்தார். "பொழச்சா எனக்கு ரெண்டு குடுங்க. பெயிண்ட் அடிச்சப்புறம் வைக்கணும்."

பதினைந்தில் ஏழு பிழைத்தன. ஆகஸ்டில் மூன்றை எடுத்துப் போய் ஷகீலாவிடம் கொடுத்தேன்.

நீங்களும் வளர்ப்பதானால், கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு மணல் கலந்த மண்ணில் நட்டு, ஒரு மாதம் நிழலில் வையுங்கள். நேராக வெயிலில் வைத்ததுதான் நான் முன்பு செய்த தப்பு. தண்ணீர் தேங்கக் கூடாது. வேர் பிடித்ததும் வெயிலுக்கு மாற்றலாம். பல்லாவரம் ஷேர் ஆட்டோவில் பத்து மணிக்கு முன் போனால் மடியில் செடி வைக்க இடம் கிடைக்கும்.

இந்தப் பிப்ரவரியில், ஜன்னலுக்கு மேல் சன்ஷேடில் வைத்த தொட்டிகளிலிருந்து கிளைகள் சரிந்து ஜன்னலைப் பாதி மூடிவிட்டன. பொடிப்பொடியாக வெளிர்ப் பூக்கள்கூட வந்தன. நன்றி சொல்ல என் கணவரையும் பம்மலுக்கு அழைத்துப் போனேன். ஷகீலா என்னைப் பார்க்கவேயில்லை, நேராக அவரிடம் கேட்டார்:

"இப்ப தூக்கம் வருதா சார்?"

"நாலு மணி வரைக்கும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறேன் மேடம்."

ஷகீலா உள்ளே திரும்பி, "ஏய், சார் தூங்குறாராம்!" என்று கத்தினார். நான்கு மெஷின்களும் நின்றன. அந்தப் பெண்கள் கை தட்டினார்கள்.