பழைய பிரதியில் இல்லாத வரி

தாராவியில் தோல் பைகளுக்குத் துண்டு வெட்டுவது என் வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. கல்யாணம் ஆகவில்லை. இருபத்திரண்டு வருடமாக அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு. போட்டவர் மதினி.

மாதுங்காவில் ஒரு தேவாலயக் கூடத்தில் ஞாயிறு மதியம் சுவிசேஷத்தைக் கிரேக்கத்திலேயே படிக்கும் வகுப்பு நடக்கிறது. நடத்துகிறவர் என்னைவிடப் பத்து வயது குறைந்த பேராசிரியை. நான் நாற்காலி போடப் போனவன். கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்ளச் சொன்னார், உட்கார்ந்தேன். அட்டை அச்சைத் தோலில் வைத்துக் கோடு இழுத்துப் பழகிய கை என்பதால் எழுத்துகள் சீக்கிரம் வந்தன. வார்த்தைகள் மெதுவாகத்தான் வந்தன. இரண்டு வருடத்தில், அவர் தமிழில் அர்த்தம் எழுதிக் கொடுத்த தாள்களை வைத்துக்கொண்டு, நான்கில் சிறிய சுவிசேஷத்தைக் கூட்டிப் படிக்கும் அளவுக்கு வந்திருந்தேன். வகுப்பில் ஒரு நாளும் வாய் திறந்து கேள்வி கேட்டதில்லை.

அந்த வருடம் மதினிக்கு வயிற்றில் கட்டி. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விசுவாசிகள் கை வைத்தால் நோயாளிகள் குணமாவார்கள் என்று வரும் வசனத்தைக் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் எழுதித் தரச் சொன்னார். நீலப் பெயின்ட் வாங்கி நான்தான் எழுதினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் நடத்தும் ஜெபக்கூட்டத்தில் எல்லோரும் அவர் தலையில் கை வைப்பார்கள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். முடிந்ததும் அரை டம்ளர் கஞ்சி குடிப்பார். மற்ற நாட்களில் அதுவும் இறங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேராசிரியை மிகப் பழைய கையெழுத்துப் பிரதி ஒன்றின் படத்தைக் காட்டினார். கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து ஓடுகிற இடத்தோடு, நாங்கள் படித்த அந்தச் சிறிய சுவிசேஷம் நின்றுவிடுகிறது. பக்கத்துப் பத்தி முழுவதும் வெற்றாக இருக்கிறது. அதற்குப் பிறகு நம் வேதாகமத்தில் வரும் பன்னிரண்டு வசனங்களும் பின்னால் வேறொருவர் சேர்த்தவை என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் முடிவு என்றார். கை வைக்கிற வசனம் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. நான் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை இருபது பேர் வந்திருந்தார்கள். என் வகுப்பு விஷயத்தை யாரோ அண்ணன் காதில் போட்டிருந்தார்கள்.

"அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவன் கிரேக்கு படிக்கானாம்" என்றார் அண்ணன். "எதுக்குலே? பரலோகத்துல ஆண்டவருக்குத் தமிழ் விளங்காதுன்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். மதினியும் லேசாகச் சிரித்தார். அண்ணன் விடவில்லை. பண்டிதரே எழுந்திரிச்சுச் சுவரில் இருக்கிறதைக் கிரேக்கில் சொல்லட்டும் என்றார். நான் எழுந்து நின்றேன். அப்போது என்னிடம் அவரை அடிக்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"அந்த வசனம் பழைய பிரதியில கிடையாதுண்ணே. பின்னால எவனோ சேர்த்தது."

அண்ணன் முகம் செத்ததைப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கட்டில் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. அன்றைக்கும் கை வைத்து ஜெபித்தார்கள். மதினி கண்ணை மூடியே இருந்தார். கஞ்சி அப்படியே ஆடை படிந்து கிடந்தது.

இரண்டு நாள் கழித்து, அண்ணன் இல்லாத நேரம் மதினி கூப்பிட்டார்.

"வர்ற வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலயும், நான் தப்பாப் படிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க தம்பி. நீங்க சொன்னா நானும் நம்பிக்கிடுவேன்."

சொல்கிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு வார்த்தைதான். ஆனால் என் வாழ்க்கையில் நான் தப்பில்லாமல் படித்தது அது ஒன்றுதான். அதைத் தப்பு என்று இருபது பேர் முன்னால், அதிலும் அண்ணன் முன்னால், சொல்ல எனக்கு மனது வரவில்லை. கூச்சத்தில் பேசாமல் இருந்தேன் என்று மதினி நினைத்திருக்கலாம். கூச்சம் இல்லை. அண்ணன் கை வைக்க வந்தபோது மதினி அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். போதும் என்றார்.

மறுநாள் என்னிடம் சுவரைக் காட்டினார்.

"அதை அழிச்சிருங்க. படுத்தா கண்ணு அங்கதான் போவுது."

தோல் சீவும் கத்தியால் சுரண்டினேன். பெயின்ட் நன்றாக ஊறிப்போயிருந்தது, ஒரு மணி நேரம் ஆனது. அவர் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை பார்த்துக்கொண்டிருந்தார். தூசி மேலே விழுகிறது, திரும்பிப் படுங்கள் என்றேன். திரும்பவில்லை. அதன் பிறகு ஒன்பது நாள் இருந்தார். கஞ்சி கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு இப்போதும் போகிறேன். கடைசி வரிசைதான். மூன்று வேளையும் ஹோட்டலில்தான் சாப்பாடு.