மாமா பிடிக்காத கயிறு

அப்பா மாத்திரை அட்டையை அழுத்தும்போது எழும் ‘டப்’ என்ற சின்னச் சத்தத்துக்குத்தான் எங்கள் வீடு காலையில் காத்திருக்கும். அது கேட்கும்வரை அடுப்படியில் அம்மாவின் கை ஓடாது, நானும் பாடப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு அப்பாவின் கண்களையே பார்த்திருப்பேன்.

அப்பா சங்கு குளிப்பவர். ஒருநாள் கரையிலேயே வலிப்பு வந்து விழுந்தார். மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர், இனி கடலில் முங்கவே கூடாது, குடி ஆகாது, உடம்பு தேறிவிட்டதென்று மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது, குறைப்பதானாலும் நான்தான் மெல்லக் குறைப்பேன் என்று படித்துப் படித்துச் சொன்னார். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னிடமும் தனியாகச் சொன்னார்.

அப்பா சங்கைச் சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் வேலைக்குச் சேர்ந்தார். வலிப்பு வராமலே ஒரு வருஷம் போனதும் கடல் அவரை அழைக்கத் தொடங்கிவிட்டது. ‘முங்குதவன் வயித்துல ஒண்ணும் இருக்கப்படாது’ என்பது குளிகாரர்களின் பேச்சு. அந்த ‘ஒண்ணும்’ என்பதில் அப்பா மாத்திரையையும் சேர்த்துவிட்டார். ஒரு காலையில் அவர் சட்டையைத் துவைக்க எடுத்த அம்மா, பைக்குள் கிடந்த மாத்திரைகளைப் பார்த்தாள். சத்தம் மட்டும்தான் எங்களுக்குக் கேட்டிருக்கிறது.

கிட்டங்கிக்குப் போகாமல் கடலுக்குத்தான் போயிருப்பார் என்று அம்மாவும் நானும் கரைக்கு ஓடினோம். அப்பா வள்ளத்தருகே இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நின்றார். அதன் மறுமுனை அம்மாவின் அண்ணன் கையில் இருந்தது. குளிப்பவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும், தங்கச்சியின் தாலி அதில் இருக்கிறது என்பது எங்கள் வழக்கம். அம்மா மாத்திரைகளை நீட்டினாள். மாமா கயிற்றை மணலில் போட்டார்.

“கீழ வச்சு ஒமக்கு வலிப்பு வந்தா, நான் தூக்கதுக்குள்ள தண்ணி முந்திக்கிடும் வே. நான் பிடிக்க மாட்டேன்.”

“நீரு பிடிக்காட்டா வேற ஆளா இல்ல?” என்றார் அப்பா.

ஒருவரும் குனிந்து அந்தக் கயிற்றை எடுக்கவில்லை.

வள்ளம் அவரை விட்டுவிட்டுப் போனது, மாமாவும் அதில் ஏறவில்லை. கோபத்தோடு மணலில் உட்கார்ந்திருந்தவர், கொஞ்ச நேரத்தில் அப்படியே சரிந்தார். கை கால்கள் வெட்டின. யாரோ சாவிக்கொத்தைக் கொண்டுவர, அம்மா தட்டிவிட்டாள். வாய்க்குள் எதையும் திணிக்காமல், கையைக் காலை அமுக்காமல், தலைக்கடியில் துண்டை வைத்து ஒருக்களித்துப் படுக்கவைத்தார் மாமா. அது அடங்கும்வரை நான் அலையைப் பார்க்கவில்லை. மாமா கயிற்றைப் பிடித்திருந்தால் அந்த நேரம் அவர் கடலுக்குள் இருந்திருப்பார்.

இன்று மாமா இல்லை. எங்கள் கரையில் கயிறு பிடிப்பாரும் இல்லை, எல்லாரும் வாயில் காற்றுக்குழாயோடுதான் முங்குகிறார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் நான் தினமும் காலையில் போன் செய்கிறேன். “போட்டாச்சுலே, வையி” என்கிறார் அப்பா. நான் வைப்பதில்லை. அட்டையின் சத்தம் எனக்குப் போதாது. தண்ணீர் அவர் தொண்டையில் இறங்கும் சத்தம் கேட்க வேண்டும்.