ரிப்போர்ட்டில் நான் எழுதிய பெயர்

1. திங்கட்கிழமை காலை

பத்தேகாலுக்குப் பரீட்சைப் பிரிவிலிருந்து போன் வந்தது.

"ராமன் பாபு, என் ஃபைல் எதுவும் திறக்கல. பேரெல்லாம் என்னவோ மாதிரி மாறிக் கிடக்கு. கொஞ்சம் வாங்க."

பேசியது மாலதிதி. அங்கே சீனியர் அசிஸ்டெண்ட். என்னைவிட மூத்தவர் என்பதால் எல்லாரையும் போல நானும் பெயரோடு 'தி' சேர்த்துத்தான் கூப்பிடுவேன். நம் 'அக்கா' மாதிரி. அவரோடு பேசியதெல்லாம் வங்காளத்தில்தான்; இங்கே தமிழில் எழுதுகிறேன்.

கொல்கத்தாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் சென்டரில் இருபத்தேழு வருடம் இருந்தேன். ஊழியர்களின் சிஸ்டங்கள் என் பொறுப்பு. நாற்பது வயதுக்கு மேல் எக்செல் கற்றுக்கொண்டவர் மாலதிதி. ஒவ்வொரு ஃபார்முலாவையும் நோட்டில் எழுதி வைத்து, பிறகு அந்தப் பிரிவுக்கே சொல்லிக் கொடுக்கும் அளவுக்கு வந்தார். சந்தேகமான மெயில் வந்தால் திறக்காமல் எனக்குப் போன் செய்கிற ஒரே ஆள் அவர்தான்.

போய்ப் பார்த்தால், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். ஒரு செமஸ்டரின் மதிப்பெண்கள் முழுக்கப் போயிருந்தன. பேக்கப் டிஸ்க்கைக் கழற்றி வைக்கும் பழக்கத்தை நான் யாருக்கும் ஏற்படுத்தவில்லை. அதுவும் சிஸ்டத்திலேயே செருகியிருந்ததால் கூடவே போயிற்று.

2. சாயங்காலத்துக்குள் ஒரு பெயர்

ரிஜிஸ்டிரார் கூப்பிட்டார். "யார் திறந்ததால வந்துச்சு? அஞ்சு மணிக்குள்ள ரிப்போர்ட் வேணும். மாணவர்களுக்கு நான் பதில் சொல்லணும்."

மாலதிதியின் மெயிலில், அழித்தவற்றுக்கான ஃபோல்டரில், இன்வாய்ஸ் என்ற பெயரில் அட்டாச்மெண்டோடு ஒரு குப்பை மெயில் இருந்தது. அவரிடம் கேட்டேன்.

"அதை நான் திறக்கவே இல்லை. போன வாரம் உங்களுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். அழிச்சிடுங்கன்னு சொன்னீங்க. அழிச்சேன்."

ஒரு நாளைக்கு முப்பது போன் வரும். எனக்கு ஞாபகம் இல்லை. மாட்டிக்கொண்டால் எல்லாரும் சொல்வதைத்தான் இவரும் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த அட்டாச்மெண்டைச் சோதித்துக்கூடப் பார்க்கவில்லை. 'பயனரின் கவனக்குறைவு' என்று எழுதி, கீழே அவர் பெயரைப் போட்டு அனுப்பினேன்.

விடைத்தாள்களிலிருந்து மதிப்பெண்களை மறுபடியும் ஏற்ற இரண்டு மாதம் ஆனது. மாலதிதியைப் பழைய ஆவண அறைக்கு மாற்றினார்கள். அங்கே கம்ப்யூட்டர் கிடையாது.

3. ஃபயர்வால் லாக்

எட்டு மாதம் கழித்துப் பழைய ஃபயர்வாலை மாற்றினோம். கழற்றுவதற்கு முன் அதன் லாக்கை, யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற பதிவை, எடுத்துப் பார்த்தேன். அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை மதியம், ஆபீஸ் பூட்டியிருந்த நேரத்தில், வெளியிலிருந்து யாரோ மாலதிதியின் சிஸ்டத்துக்குள் ரிமோட்டில் வந்திருந்தார்கள். நாற்பது நிமிடம் இருந்திருக்கிறார்கள்.

அந்த வழியைத் திறந்தது நான். லாக்டவுன் சமயத்தில் வீட்டிலிருந்தே அவர் சிஸ்டத்தைச் சரிசெய்யத் திறந்தேன். பிறகு மூட மறந்துவிட்டேன். அதில் நுழைய எங்கள் 'சப்போர்ட்' அக்கவுண்டுக்கு மட்டுமே அனுமதி. சௌகரியத்துக்காக எல்லாச் சிஸ்டத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தேன். எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு.

சென்டர் டைரக்டரிடம் காட்டினேன். "ஃபைலை மூடியாச்சு, ராமன். இப்ப திறந்தா உங்க வேலைக்கும் ஆபத்து, சென்டருக்கும் கெட்ட பேரு. விட்டுடுங்க."

விட்டுவிட்டேன். அவர் சொன்னதால் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர் அப்படிச் சொல்ல மாட்டாரா என்ற எதிர்பார்ப்போடுதான் அவர் அறைக்குப் போனேன்.

பெஹாலாவில் எங்கள் வீட்டில் மனைவிக்கு மட்டும் தெரியும். "அவங்ககிட்ட சொல்லிட்டேளா?" என்று கேட்பாள். "சமயம் பாத்துச் சொல்றேன்" என்பேன். சில மாதங்களுக்குப் பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

காரிடாரில் மாலதிதியைப் பார்த்தால் வேறு படியில் இறங்கிப் போவேன். அவர் ஓய்வு பெற்ற அன்று நடந்த விருந்துக்கும் நான் போகவில்லை.

4. சாந்த்ராகாச்சி

நானும் ஓய்வு பெற்று ஒரு மாதம் ஆனபின் அவர் வீட்டைத் தேடிக்கொண்டு சாந்த்ராகாச்சிக்குப் போனேன். டீ கொடுத்தார். குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். லாக்கின் பிரிண்டையும் வைத்தேன்.

அவர் கோபப்படவில்லை. அந்தக் காகிதத்தை எடுத்து வரி வரியாகப் படித்தார்.

"முதல்ல நான் திறக்கலைன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா எல்லாரும் சொல்லச் சொல்ல, ஒருவேளை தெரியாம திறந்துட்டேனோன்னு எனக்கே தோணிப்போச்சு. அப்புறம் வீட்டுல கம்ப்யூட்டரைத் தொடவே பயம். பேத்தி கூப்பிட்டாக்கூட எழுந்து போயிடுவேன்."

பிறகு, "இது எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?" என்று கேட்டார்.

மூன்று வருடம் ஆகிறது என்றேன். அதற்குத்தான் அவர் முகம் மாறியது.

மறுநாள் பல்கலைக்கழகத்துக்கு உண்மையை எழுத்தில் அனுப்பினேன். சம்பந்தப்பட்டவர்கள் ஓய்வு பெற்றுவிட்டதால் மேல்நடவடிக்கை இல்லை என்று ஆங்கிலத்தில் இரண்டு வரிப் பதில் வந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். 'பயனரின் தவறு' என்று எழுதுவதற்கு முன், உங்கள் சொந்த அக்கவுண்ட் அந்த நாட்களில் எங்கெல்லாம் நுழைந்தது என்று பாருங்கள். உங்கள் தவறு என்று தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் வைத்த பாஸ்வேர்டைவிட, அதன்பின் சும்மா இருந்த மூன்று வருடம்தான் அவரை அதிகம் பாதித்தது.

பல்கலைக்கழகத்தின் பதில் நகலோடு மறுபடியும் அவர் வீட்டுக்குப் போனேன். படித்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"இந்த ஆபீஸ் இங்கிலீஷ் எனக்கு வேண்டாம். நடந்ததை வங்காளத்துல நீங்களே எழுதிக் குடுங்க. நான்தான் திறந்தேன்னு என் வீட்டுக்காரரும் நம்பிட்டிருந்தார். அவர் படிக்கணும்."

நான் கொல்கத்தாவிலேயே பிறந்தவன். வங்காளம் பேசுவது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் எழுதிப் பழக்கமில்லை. அவர் எதிரில் உட்கார்ந்து, இரண்டாம் வகுப்புப் பையன் போல ஒன்பது வரி எழுதினேன். அவர் பேனாவை வாங்கி மூன்று எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். கையெழுத்துப் போடச் சொன்னார். பிறகு அதை எடுத்துக்கொண்டு கணவர் இருந்த உள்ளறைக்குப் போனார்.