பிரிக்க முடியாத கணக்கு

யொர்லேனியும் வில்பெர்த்தும் விவாகரத்து வாங்கியபோது எல்லாவற்றையும் சண்டையில்லாமல் பங்கு போட்டுக்கொண்டார்கள். துரியால்பா ஊர் மேட்டில் இருந்த வீடு அவளுக்கு, ஜீப் அவனுக்கு. கையடக்க ஜி.பி.எஸ். கருவியை அவள் எடுத்துக்கொண்டாள்; தனக்குக் கைப்பேசியே போதும் என்றான் அவன். பங்கு போட முடியாமல் நின்றது ஒன்றுதான்: புதையல் வேட்டை இணையதளத்தில் இருவருக்கும் சேர்த்து இருந்த கணக்கு. அதன் பெயர் 'இரண்டு ஆமைகள்'.

கல்யாணமான புதிதில் பிடித்த பித்து அது. யாரோ ஒருவர் சிறு டப்பாவைப் பாலத்தடியிலோ மரப்பொந்திலோ ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையதளத்தில் போடுவார். தேடிப் போகிறவர் டப்பாவுக்குள் இருக்கும் தாளில் பெயரெழுதி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். இணையதளத்தில் பதிந்தால் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு மஞ்சள் சிரிப்பு முகம் விழும். பரிசு அவ்வளவுதான். அதற்காக இருவரும் கொசு கடித்த காலோடு பல ஞாயிற்றுக்கிழமைகள் வீடு திரும்பியிருக்கிறார்கள்.

பிரிந்த பிறகும் இருவரும் அதே கணக்கில்தான் வேட்டையாடினார்கள். ஒரு சனிக்கிழமை, வேலை பார்க்கும் கண்ணாடிக்கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு யொர்லேனி பஸ் ஏறி குவாயபோ போனாள். இறங்கிக் கைப்பேசியைத் திறந்தால், தேடி வந்த இடத்தில் சிரிப்பு முகம் உட்கார்ந்திருந்தது. வில்பெர்த்தை அழைத்தாள்.

"குவாயபோ டப்பாவை நீங்களா எடுத்தீங்க?"

"எடுக்கலை. கண்டுபிடிச்சேன். திரும்ப வெச்சுட்டேன்."

"நான் பஸ் ஏறி வந்திருக்கேன்."

"டப்பா அங்கேதானே இருக்கு? தேடுங்களேன்."

"நான் ஏற்கெனவே கண்டுபிடிச்சுட்டேன்னு காட்டுதே."

"அப்போ வாழ்த்துகள்."

சேர்ந்திருந்தவரை 'நீ' என்றவர்கள்தான். அந்த ஊரில் கோபம் மரியாதையாகத்தான் வெளியே வரும்.

கணக்கைப் பிரித்துத் தரும்படி அவள் இணையதளத்துக்கு எழுதினாள். உள்ளே நுழைய, தான் எந்திரம் அல்ல என்று நிரூபிக்கப் போக்குவரத்து விளக்குப் படங்களைப் பொறுக்கவேண்டியிருந்தது. பொறுக்கியதும் தளம் போர்த்துகீசிய மொழிக்கு மாறிவிட்டது. நீளமாக எழுதி அனுப்பினால் நேரம் முடிந்துவிட்டது என்றது. மூன்றாவது முயற்சிக்குப் பல வாரம் கழித்துப் பதில் வந்தது: கணக்கைப் பிரிக்க இயலாது, ஒருவர் புதுக் கணக்குத் தொடங்கலாம், அது பூஜ்யத்தில் ஆரம்பிக்கும், இனிய வேட்டைக்கு வாழ்த்துகள்.

"அப்போ நீங்க ஆரம்பிங்க" என்றான் வில்பெர்த்.

"நான் ஏன்? டப்பாவைக் கடல்ல போட்டது யாரு?"

அது பழைய கதை. முதன்முதலாக டப்பா ஒளித்தபோது அவன் தீர்க்கரேகையில் 'மேற்கு' என்ற குறியை விட்டுவிட்டான். இணையதளக் கணக்குப்படி அது திருகோணமலைக்கு வடகிழக்கே நடுக்கடலில் கிடந்தது. போய்வரப் படகு வேண்டுமா என்று தளத்தின் சரிபார்ப்பவர் கேட்டிருந்தார். வில்பெர்த் வரைபடத்தைப் பார்க்காமல், மழைக்காலத்தில் மட்டும் என்று பதில் எழுதினான்.

கடைசியில், சாப்பாட்டுக் கடை நடத்தும் தோன்யா ஹைதே பஞ்சாயத்துப் பண்ணினாள். "ஆத்துக்கு இந்தப் பக்கம் அவ. அந்தப் பக்கம் நீ. ரெண்டு பேரும் காப்பியைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க, கூட்ட நேரம்."

சில மாதம் அமைதியாகப் போயிற்று. பிறகு யாரோ ரெவெந்தாசோன் ஆற்றுப் பாலத்தின் நட்டநடுவில் ஒரு டப்பா வைத்தார்கள். ஆற்றின் நடுவைப் பற்றி ஹைதே எதுவும் சொல்லியிருக்கவில்லை.

இருவரும் அன்றே வந்தார்கள், ஆளுக்கொரு கரையிலிருந்து. அவள் கருவியின் முள் சுற்றிச் சுற்றி வந்தது; அவன் கைப்பேசி அவனை ஆற்றுக்குள் இறங்கச் சொன்னது. கைப்பிடிக் கம்பியின் அடியைத் தடவிக்கொண்டே வந்து நடுவில் நின்றார்கள். கரும்பு லாரி ஒன்று ஒலி எழுப்பியபடி கடந்து போனது. காந்தத்தில் ஒட்டியிருந்த டப்பா அவன் கையில் அகப்பட்டது. தாளில் வழக்கம்போல 'இரண்டு ஆமைகள்' என்று எழுதினான்.

"இப்போ ஒரு ஆமைதானே வந்திருக்கு?" என்றாள்.

"நீங்களும்தான் வந்திருக்கீங்க."

தானே அடுத்தவர் கையெழுத்தைப் போட்டுவிட்டதுபோல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அந்த வாரமே புதுக் கணக்குத் தொடங்கினாள். 'ஒரு ஆமை' என்ற பெயரை யாரோ ஏற்கெனவே எடுத்திருந்தார்கள். 'ஒரு ஆமை 4471' பரவாயில்லையா என்று தளம் கேட்டது. பரவாயில்லை என்றாள்.

வரைபடத்தில் ஒரு சிரிப்பு முகமும் இல்லை. புதுக் கணக்குப்படி, துரியால்பாவைச் சுற்றியிருந்த டப்பாக்களெல்லாம் மறுபடி காணாமல் போயிருந்தன. அகியாரெஸ் காப்பித் தோட்டத்திலிருந்து ஆரம்பித்தாள். போன பிறகுதான் தெரிந்தது, எங்கே தேடுவதென்று அவளுக்கு நினைவே இல்லை. முன்பு இருவரும் சேர்ந்து வந்த அன்று வில்பெர்த்தான் சரிவில் இறங்கினான். அவள் ஜீப்பில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். அதைத் தானும் கண்டுபிடித்ததாகவே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

கைப்பேசி அடித்தது. "அகியாரெஸ் போயிருக்கீங்கன்னு ஹைதே சொன்னா. அங்கே சிக்னல் தள்ளித்தான் காட்டும். அந்தப் பழைய..."

"சொல்லாதீங்க."

"சரி. சறுக்கும், பார்த்து இறங்குங்க" என்று வைத்துவிட்டான்.

மாலையாவதற்குள் இரண்டு முறை சறுக்கினாள். கடைசியில் கல் வாய்க்காலின் மதகுக்குப் பின்னால் டப்பா கிடைத்தது. தாளின் மேல்பகுதியில் அவன் கையெழுத்தில் இரண்டு ஆமைகள். கீழே இடம் இருந்தது. தன் பெயரை எண்ணோடு சேர்த்து முழுசாக எழுதினாள்.

வீட்டுக்கு வந்து பதியப்போனால், இணையதளம் பராமரிப்பில் இருந்தது. யொர்லேனி செருப்பிலிருந்த சேற்றைக் கழுவிவிட்டு, பாலாடைக்கட்டியோடு சோளரொட்டி சாப்பிட்டுப் படுத்துக்கொண்டாள். காலையில் கடைக்குக் கிளம்புமுன் பதிந்தாள்.