மத்தாப்புப் பெட்டியில் ஒரு 'லைட்'

'லைட்' என்ற சொல்லை நான் பள்ளிக்கூடத்தில் படித்ததாக நினைவில்லை. அது வீட்டிலேயே இருந்தது. இருட்டினால் 'லைட்டப் போடு' என்பார் அம்மா. காய்ச்சல் வந்தால் 'லைட்டா சாப்பிடு' என்பார். துணிக்கடையில் சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு 'இதுலயே லைட் கலர் இல்லையா?' என்று கேட்பார். ஒரே சொல் விளக்காகவும், அரை வயிற்றுக் கஞ்சியாகவும், வெளிறிய ரோஜா நிறமாகவும் எங்கள் வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தது.

சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் பிரஸ் ஒன்றில் எனக்கு டிசைன் வேலை. தினமும் காலையில் விருதுநகரிலிருந்து பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண் பாதி மூடிக்கொள்ளும். வேலிக்கருவேலங்காடும் மஞ்சள் வெயிலும் ஒன்றில் ஒன்று கரைந்து பின்னால் போகும். கனவு எங்கே முடிந்தது, பிரஸ் எங்கே ஆரம்பித்தது என்று பல நாள் எனக்கே தெரிந்ததில்லை. மெஷினிலிருந்து இறங்கும் தாள்களின் ஈர மை வாசனையில்தான் முழுதாக விழிப்பேன்.

அந்தச் சீசனில் ஒரு வளைகுடா நாட்டிலிருந்து கம்பி மத்தாப்புப் பெட்டிக்கு ஆர்டர் வந்தது. பெட்டியின் பின்புறம் மூன்று வட்டங்கள்: பற்ற வைக்கும் கை, தள்ளிப் பிடித்த மத்தாப்பு, எரிந்த கம்பியைப் போடத் தண்ணீர் வாளி. ஒவ்வொன்றின் கீழும் ஆங்கிலமும் அரபியும் வேண்டும். அவர்கள் அனுப்பிய தாளில் முதல் வட்டத்துக்கு மட்டும் அரபி விடுபட்டிருந்தது. ஆங்கிலத்தில் 'லைட்' என்று இருந்தது.

முதலாளியிடம் கேட்டேன். "ஒத்த வார்த்தைதானம்மா? போன்ல பாத்து நீயே வச்சிரு" என்றார்.

போனில் அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் தட்டினேன். நாலைந்து அரபிச் சொற்கள் வந்தன. அவற்றில் ஒன்று மிக அழகாக இருந்தது. மேலே மூன்று புள்ளி, கீழே இரண்டு, கடைசியில் படுத்த மாதிரி ஒரு வால். வட்டத்தின் கீழே அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது. அழகாக இருந்ததால் அதுவே சரி என்று நம்பிவிட்டேன்.

அப்போது என் அக்கா குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தாள். அங்கே ஏழு வருஷமாக நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து, மத்தியானம் சமையலறை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தட்டில் விரிக்க, பிரஸ்ஸிலிருந்து நான் கொண்டுவந்திருந்த அந்த மத்தாப்புப் பெட்டியின் கழிவுத் தாளை எடுத்தவள் அப்படியே நின்றாள். மருந்துப் பெட்டிகளைப் படித்துப் படித்து அரபி எழுத்து அவளுக்குப் பழகியிருந்தது.

"ஏட்டி, மத்தாப்புல எதுக்கு 'கஃபீஃப்'னு போட்டிருக்க?"

"லைட்னு அர்த்தம்க்கா."

"லைட்டுதான். ஆனா கனமில்லாத லைட்டு. அங்கன டீ குடிக்கும்போது சாயம் கம்மியா வேணும்னா கஃபீஃப்னு கேப்பாக. நெருப்புக்கு இதச் சொல்ல மாட்டாகளே."

அதற்குள் பிரஸ்ஸில் பாதித் தாள்கள் அச்சாகிக் காய்ந்துகொண்டிருந்தன.

சரியான சொல் அக்காவுக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. கூட வேலை பார்க்கும் சிரியா நாட்டு நர்ஸை வீடியோவில் கூப்பிட்டாள். திரையில் ஒரு வட்ட முகம் வந்தது. விஷயத்தைக் கேட்டதும் கண்ணில் நீர் வரச் சிரித்தது. பிறகு அந்தப் பெண் எழுந்து ஜன்னல் திரையை விலக்கினாள். புழுதிக்காற்றில் வெளுத்துப்போன நண்பகல் அவள் அறைக்குள் பாய்ந்தது. அதைக் காட்டி "நூர்" என்றாள். ஒரு பஞ்சுத் துண்டை உள்ளங்கையில் வைத்து ஊதி "கஃபீஃப்" என்றாள். கடைசியில் தீக்குச்சி உரசுவது போல் விரலை இழுத்து "அஷ்இல்" என்றாள். அந்தச் சொல்லைத் தாளில் எழுதி கேமராவுக்கு நேரே பிடித்தாள். பஞ்சு அவள் முகத்துக்கு முன்னால் வெகுநேரம் மிதந்துகொண்டிருந்ததாக எனக்கு இப்போதும் ஒரு நினைப்பு. அவ்வளவு நேரம் எந்தப் பஞ்சும் மிதக்காது என்று தெரியும்.

திங்கட்கிழமை நேராக முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, தப்பு என் மேலதான்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஒரு தாளை எடுத்து, படிக்கத் தெரியாத அந்த எழுத்தையே பார்த்தார். "பத்த வைங்கன்னு சொல்ல வேண்டிய எடத்துல, கனமில்லன்னு சொல்லிட்டமா?"

"ஆமா அண்ணாச்சி."

"மெஷின நிப்பாட்டச் சொல்லு. நல்லவேளை, கட்டிங் போகல." தாளை மேஜையில் வைத்துவிட்டு, "நாந்தான ஒன்னப் பாத்து வைக்கச் சொன்னேன்" என்றார். திட்டியிருந்தால் அழாமல் இருந்திருப்பேன்.

மீதித் தாள்களுக்குப் புதிய பிளேட் போட்டோம். அச்சானவற்றில் அந்தச் சொல்லின் மேல் சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவதென்று முடிவானது. பைண்டிங் அக்காக்கள் ஆறு பேரோடு நானும் தரையில் உட்கார்ந்து மூன்று நாள் ஒட்டினேன். பக்கத்து அக்கா, "இதுல என்னம்மா எழுதியிருக்கு?" என்றாள். சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் ஒட்டும்போது "அஷ்இல்" என்று முணுமுணுத்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மின்விசிறிக் காற்றில் தாள்கள் மெல்ல எழுந்து அடங்க, அந்தக் கூடம் முழுக்க யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பாட்டு ஓடியது.

லோடு சொன்ன நாளில் கிளம்பியது. அக்காவும் குவைத் திரும்பிவிட்டாள். அவளுடைய சிநேகிதி மட்டும் என் போனில் தங்கிவிட்டாள். வாரம் ஒரு சொல்லைக் குரலில் அனுப்புகிறாள். நான் எழுதிப் படம் பிடித்து அனுப்ப, திருத்தித் தருகிறாள். சென்ற வாரம் 'மதர்' என்று அனுப்பி, மழை என்று ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு, உங்கள் மொழியில் எப்படி என்று கேட்டாள். நாக்கை நன்றாக மடித்து 'மழை' என்று சொல்லி அனுப்பினேன். சற்று நேரத்தில் பதில் வந்தது. "மளை" என்றாள், எங்கள் தெருவில் சொல்வது போலவே.